ஈயம்

எழுபதுகளில் சோழவரத்தில், யுத்தகாலத்து விமான ஓடுதளத்தின் மேல், கார்ப் பந்தயம் பார்த்திருக்கிறேன். பிப்ரவரி வெயில், ரப்பர் தீயும் நாற்றம். ஹெரால்டு 948 சி.சி., ஃபியட் 1089, அம்பாஸடர் 1489. என்ஜினின் கொள்ளளவைக் கொண்டு வகுப்புப் பிரிப்பார்கள். சமமானவர்களுக்குள் போட்டி, அத்தோடு நியாயம் பற்றிய கேள்வி தீர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அது தீரவில்லை என்று தெரிந்தது சில வருஷங்கள் கழித்து, வேறோர் ஊரில், ஒரு சிறிய கிளப்பின் குறிப்பேடு என் கைக்கு வந்தபோது.

நான் ஓட்டுகிறவனல்ல. கையெழுத்து ஒழுங்காக இருக்கும் என்பதால் ஸ்டாப்வாட்சையும் நோட்டையும் என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஒரே வகுப்பில் ஓடிய ஃபியட்டுகளில் ஒன்று மட்டும் சுற்றுக்கு இரண்டு வினாடி முந்திற்று. அதன் சொந்தக்காரர் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். ஸிலிண்டர் ஹெட்டின் துவாரங்களைத் தன் கையாலேயே தேய்த்து வழவழப்பாக்கி, கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்து, எல்லாம் விதிகளுக்கு உட்பட்டே செய்திருந்தார். தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தார். நாலாவது பந்தயத்துக்கு ஐந்து வண்டிகள்தான் வந்தன. கமிட்டி கூடி, அவர் வண்டியில் 40 கிலோ ஈயம் ஏற்றுவதென்று தீர்மானித்தது.

லாரி நிறுக்கிற எடைமேடையில் வண்டியை நிறுத்தினோம். பக்கத்து ஸீட் இருந்த இடத்தில் ஈயக் கட்டிகளை வைத்து, போல்ட்டு போட்டு முடுக்கிவிட்டு நிமிர்ந்தார். 'இருபது ராத்திரி முழிச்சேன் சார். ராத்திரிக்கு ரெண்டு கிலோ போட்டிருக்காங்க' என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எடை என்ன செய்யும் என்பதில் ரகசியமில்லை. வேகம் எடுக்கத் தாமதமாகும். பிரேக் சீக்கிரம் பிடிக்க வேண்டும். வளைவில் டயர் சோர்ந்துபோகும். ஆனால் நீண்ட நேர்பாதையின் கோடியில், உச்ச வேகத்தில், அதே ஈயம் அநேகமாக ஒன்றும் செய்யாது. அங்கே காற்றை அடக்க வேண்டும். அமெரிக்காவில் மாஸ்டா மியாட்டாக்கள் மட்டும் ஓடும் அமெச்சூர் வகுப்பில் 1.6 லிட்டரும் 1.8 லிட்டரும் ஒன்றாக ஓடுவதற்காக, மாடலுக்குத் தகுந்தபடி எடையை வைத்து, சிலவற்றில் என்ஜினுக்குப் போகும் காற்றைத் துளையிட்ட தகட்டினால் குறுக்குகிறார்கள். அப்போதும் ஒரு தடத்தில் கண்ட சமன் இன்னொரு தடத்தில் குலையும். ஆக, சமன் என்பது வண்டிகளின் குணமல்ல; ஓர் இடத்தில், ஒரு நாளில், சிலர் செய்த ஊகம்.

இங்கிலாந்தில் 1907இல் திறந்த புரூக்லண்ட்ஸில் இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தார்கள். ஹாண்டிகாப் பந்தயங்களில் மெதுவான வண்டி முதலில் கிளம்பும், வேகமானது கடைசியில். கணக்குப் போட்டவர் துளியும் தவறாதவராக இருந்தால் எல்லா வண்டிகளும் ஒரே கணத்தில் கோட்டைத் தொட வேண்டும். அதாவது ஜெயித்தவன் யாரென்பது கணக்கில் விழுந்த பிழை. பூரண நியாயம் பந்தயத்தையே இல்லாமலாக்கிவிடும்.

இதை வைத்துக்கொண்டு கமிட்டியைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஈயம் ஏறிய பிறகு ஒன்பது வண்டிகள் வந்தன. எப்போதும் கடைசியில் வரும் பாங்க் ஊழியர் ஒருவர் அன்று ஒரு வண்டியைத் தாண்டிவிட்டு, இறங்கிவந்து குழந்தை மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷம் பொய்யல்ல. வண்டியின் சாதகத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மனிதன் என்று நம்பித்தான் எடை போடுகிறோம். ஆனால் வண்டிக்குள் ஒருவனுடைய இருபது இரவுகள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய வேகத்தையும் கண்விழித்துச் சேர்த்த வேகத்தையும் எடைமேடை வேறுபடுத்தி அறியாது.

அடுத்த பந்தயத்தில் அவர் நாலாவதாக வந்தார். மெதுவாக ஓட்டுகிறவனின் நேரங்கள் சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்கும். அவருடையவை பத்துச் சுற்றும், வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு கூட மாறாமல் ஒன்றுபோலவே இருந்தன. வளைவுக்கு வெகு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுப்பது சத்தத்தில் கேட்டது. அவ்வளவு கச்சிதமாகத் தோற்க அங்கே அவர் ஒருவரால்தான் முடியும். கமிட்டி முடிவை மட்டும் பார்த்தது. 25 கிலோவை இறக்கியது. அதற்கடுத்த பந்தயத்தில் ஜெயித்தார். கோப்பை வாங்கும்போது என் பக்கம் பார்க்கவில்லை. வருஷம் முடிவதற்குள் வண்டியை விற்றுவிட்டார்.

அதுவரை அவர் தன் வேலையை ஒளித்ததில்லை. யார் கேட்டாலும் ஹெட்டைக் கழற்றிக் காட்டுவார். ஒளிக்கக் கற்றுக்கொடுத்தது ஈயம். எனக்கு அது வேறொன்று கற்றுக்கொடுத்தது.

1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் வந்தது, சோழவரம் பழங்கதையாயிற்று. நோட்டு மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே, பத்துச் சுற்றுகளும் உள்ளபடியே, நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கின்றன. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.