கருப்பு ஆட்டின் காது

ஆடி 4

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’யை மறுபடி படிக்க எடுத்திருக்கிறேன். 2016இல் வந்த நாவல். எழுதியவர் திருச்செங்கோட்டுக்காரர். நாமக்கல்லிலும், எங்கள் வாழப்பாடியிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் சீக்கிரம் வந்துவிடுகிற ஆத்தூரிலும் அரசுக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அதனால்தானோ என்னவோ, நாவலில் மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் மானாவாரிக் காடும், ஆட்டைப் பிள்ளைபோலப் பேணும் கிழவியும் எனக்குப் புதியவர்களாகத் தெரியவில்லை.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விளக்கத்தைத்தான் தருகிறார்கள். அவருடைய முந்தைய நாவலான ‘மாதொருபாகன்’ மீது எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2015 ஜனவரியில், பெருமாள்முருகன் என்னும் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அதற்குப் பின் வந்த நாவல் இது. மனிதர்களைப் பற்றி எழுதவே அச்சமாக இருக்கிறது என்று முன்னுரையிலும் சொல்கிறார். ஆகவே நாவலின் வாயில்லாக் கருப்புக் குட்டி பூனாச்சிதான் எழுத்தாளர், அடையாளத்துக்காக ஆடுகளுக்குக் காது குத்தும் அரசாங்கம் அரசாங்கமேதான். தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நாவலில் பாதி கைநழுவிப் போகிறது.

ஆடி 7

காது குத்தும் பகுதியை இன்று நிறுத்தி நிதானமாகப் படித்தேன். குட்டி எங்கிருந்து வந்தது, தாய் எது, யார் கொடுத்தது என்று அதிகாரிகளின் கேள்வி மேல் கேள்வி. கருப்பு ஆடு இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, அதனாலேயே அதன்மேல் சந்தேகம். எங்கள் பக்கத்து ஆட்டினத்தின் பெயரே சேலம் கருப்பு. கொம்பு முதல் குளம்பு வரை கருப்பு. அந்த நிறமே குற்றமாகும் உலகத்தை இந்த ஊரில் உட்கார்ந்து படிக்கும்போது சுருக்கென்று தைக்கிறது.

காது வில்லையும் எங்களுக்குத் தெரியாததல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் கொடுத்தார்கள். வில்லை குத்தும்போது பார்த்திருக்கிறேன். குட்டியின் காது வெற்றிலைக் கொழுந்துபோல மெல்லிசு. வெளிச்சத்தில் நரம்பு தெரியும். குத்தியதும் தலையை உதறும், பின்னங்காலால் காதைச் சொறியப் பார்க்கும், அப்புறம் தழையைக் கடிக்கப் போய்விடும்.

அந்த அத்தியாயத்தில் என் மனசை உறுத்துவது ஊசி அல்ல, காது குத்த ஆடுகளோடு நிற்கும் வரிசை. அதிகாரிகள் சிலபேர், நிற்கிற ஜனம் எவ்வளவோ. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொள்வதும், பக்கத்தில் இருப்பவனை அடக்குவதும் அந்த ஜனமேதான். ஆட்சி செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கை ஆளப்படுகிறவர்களே செய்து முடித்துவிடுகிறார்கள்.

ஆடி 18

பெருக்கு. காட்டு முனியப்பனுக்குக் கிடா வெட்டு. மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றிவிட்டுச் சுற்றி நின்றோம். கிடா உடம்பைச் சிலிர்க்க வேண்டும், அதுதான் வெட்டுவதற்குச் சாமி தரும் உத்தரவு. சிலிர்க்கவில்லை. இன்னொரு செம்பு ஊற்றினார்கள். “சாமி, என்ன குறை இருந்தாலும் பொறுத்துக்க” என்று ஒரு பெரியவர் கும்பிட்டார். மூன்றாம் செம்பில் சிலிர்த்தது. எல்லோர் முகமும் தெளிந்தது.

குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது சம்மதித்தது என்று ஒரு அடையாளம் எங்களுக்குத் தேவைப்படுகிறது. கொல்கிற கைக்குக் கொல்லப்படுவதன் ஒப்புதல் வேண்டியிருக்கிறது. நாவலில் பூனாச்சி ஆசைப்பட்ட பூவன் என்னும் கிடாவும் சாமிக்குத்தான் போகிறது. கறியாகப் பரிமாறுகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. விருந்தாளியை அன்போடு உபசரிக்கிறவர்கள். பூனாச்சியின் பக்கமிருந்து பார்க்கும்போதுதான் அந்த விருந்து தாங்க முடியாததாகிறது.

ஆடி 21

பக்கத்துத் தோட்டத்து ஆயா இரண்டு கிடாய்க்குட்டிகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டார். பனிக்குப் பயந்து கொடாப்புக் கூடைக்குள் சாக்கு விரித்துக் கவிழ்த்து வளர்த்த குட்டிகள். “மனசு கேக்குதா ஆயா?” என்றேன். “கேக்காது கண்ணு. அதுக்காக வயிறு சும்மா இருக்குமா?” என்றபடி, விற்ற காசை முந்தானையில் முடிந்துகொண்டார்.

நாவலின் கிழவியும் இவரும் ஒன்று. பிழைக்காது என்று பட்ட குட்டியை ராத்திரி பகலாக ஊட்டிக் காப்பாற்றுகிறவள் அவள். பூனாச்சி ஒரே ஈற்றில் ஏழு குட்டி போட்டதும் பூரித்துப்போகிறவளும், அவை விலைபோவதைப் பார்த்து நிற்கிறவளும் அவளே. பஞ்சம் வரும்போது அவள் அன்புக்கும் அவள் வயிற்றுக்கும் நேருக்கு நேர் போட்டி வந்துவிடுகிறது. அவளைக் கெட்டவள் என்று சொல்ல நாவல் ஓரிடத்திலும் இடம் தரவில்லை.

விலங்குகளை வைத்து அரசியல் சொல்லும் கதை என்றதும் நினைவுக்கு வருகிற ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ 1945இல் வந்தது. அதில் இந்தப் பன்றி ஸ்டாலின், அந்தப் பன்றி ட்ராட்ஸ்கி என்று பொருத்திவிடலாம். பொருத்தியபின் நாம் அந்தப் பன்றிகளில் ஒருவரல்ல என்ற நிம்மதியும் கிடைக்கும். பூனாச்சியில் அந்த நிம்மதிக்கு வழியில்லை. ஆட்சியாளர் யாரென்று விரல் நீட்டலாம். கிழவியை நோக்கி விரல் நீட்ட முடியாது. ஆடு வளர்த்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, அவள் கையில் இருக்கும் தழைக்கொத்தும் கயிறும் இரண்டுமே பழகினவை.