மயிலுக்கு அஞ்சு மார்க்

கார் விழுப்புரத்தை விட்டுக் கிளம்பியதுமே ஆட்டம் தொடங்கிவிடும். அப்பாவின் பழைய மாருதி 800. மே மாத லீவில் கரியாலூர் அத்தை வீட்டுக்குப் போவோம். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், அப்புறம் கல்வராயன் மலை. பின்சீட்டில் இடது ஜன்னல் எனக்கு, வலது ஜன்னல் தம்பிக்கு.

முதல் ஆட்டம் நம்பர் பிளேட். எதிரே வரும் வண்டியின் எண்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கணும். ஒன்பது வந்தால் ஜெயிப்பு. 'டிஎன் 32 என்' என்றிருந்தால் அரசு பஸ், அதற்கு மார்க் கிடையாது (அந்த ரோட்டில் அதுதான் ஈசல் மாதிரி வரும்). இதில் அப்பாவை அடிச்சுக்க ஆளில்லை. எங்களுக்கு லாரியே புள்ளியாகத் தெரியும்போது அவர் நம்பரைக் கூட்டி முடித்திருப்பார்.

அடுத்தது மாடு ஆட்டம். ரோட்டோரம் மாட்டை முதலில் பார்த்தால் ஒரு மார்க், ஆட்டுக்கு அரை, மயிலுக்கு அஞ்சு. இதில் அப்பா எப்போதும் பூஜ்ஜியம். "அவ்ளோ பெரிய மாடு தெரியலயாப்பா?" என்று தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். அப்பாவும் சிரிப்பார். எங்களுக்காக விட்டுக்கொடுக்கிறார் என்றுதான் நினைத்தோம்.

கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சட்டம் மாறும். "மலையில டபுள் மார்க். ஆளு, சைக்கிள், ஜீப்பு, எது வந்தாலும் சொல்லணும். சத்தமா." தொண்டை கிழியக் கத்துவோம். "இடப்பக்கம் பாட்டி! தலையில விறகு!" கத்தும்போதெல்லாம் வண்டி கொஞ்சம் தயங்கும். அம்மா மட்டும் விளையாட மாட்டாள்.

எனக்குப் பத்து வயதான வருஷம், ஒரு மயிலுக்காகத் தம்பியோடு சண்டை. அஞ்சு மார்க்கையும் அப்பா அவனுக்கே கொடுத்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். பெரியார் அருவி தாண்டி ஒரு வளைவில், இடப்பக்கத்து ஒற்றையடிப் பாதையிலிருந்து பலாப்பழத்தைச் சுமந்தபடி ஒருவர் ரோட்டில் இறங்கினார். நான் பார்த்தேன். சொல்லவில்லை.

"என்னங்க!" என்று அம்மா அலறினாள். பிரேக். பழம் பானெட்டில் விழுந்து பிளந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "பழந்தானே சார், போவட்டும்" என்றார். காசு எடுத்த அப்பாவின் கை நடுங்கியது. திரும்பும்போது மாமாதான் வண்டி ஓட்டினார்.

பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கிளாக்கோமா என்றார்கள். இந்த நோயில் பார்வை பெரும்பாலும் ஓரத்தில்தான் குறையத் தொடங்கும். நடுப்பார்வை கடைசிவரை கூர்மையாக இருக்கலாம். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. லாரி நம்பரைப் படித்தவருக்கு மாடு தெரியாதது அப்படித்தான்.

அப்பாவுக்கு முன்பே தெரியுமா? அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "தெரியாமலா டபுள் மார்க் குடுத்தாரு?" என்றாள். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. பலாப்பழக்காரரைப் பற்றி நானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ளணும். வருஷாவருஷம் போகிறேன். இருட்டறை. ஒரு கண்ணை மூடி, தாடையை ஊன்றி, நடுப்புள்ளியையே பார்க்கணும். ஓரத்தில் எங்காவது வெளிச்சப் பொட்டு மினுங்கினால் பட்டனை அழுத்தணும். போன மாதம் நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. வரவில்லையா, எனக்குத்தான் தெரியவில்லையா? வியர்த்துவிட்டது. அப்புறம் இடப்பக்கம் ஒன்று மினுங்கியது.

அழுத்தினேன். "மாடு" என்றேன், வாய்க்குள்.