முள்ளை எடுடா!

அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து இரண்டு. ஒன்று, வழுக்கை. அது 32 வயசிலேயே என் கைக்கு, மன்னிக்கவும், தலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. இன்னொன்று, ஒரு பழைய எச்.எம்.வி. ஃபியஸ்டா ரிக்கார்டு பிளேயரும் ஒரு தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளும்.

போன மாதம் வீடு மாற்ற வேண்டி வந்தது. புது ஃபிளாட்டில் இடம் கம்மி. "உங்கப்பா பெட்டி வேணுமா, என் மிக்ஸி வேணுமா, முடிவு பண்ணுங்க" என்றாள் மனைவி. மிக்ஸி இல்லையென்றால் சட்னி இல்லை. கல்யாணமானவர்களுக்கு நிலைமை புரிந்திருக்கும்.

மச்சினன் சாஃப்ட்வேர் ஆசாமி. "எல்லாப் பாட்டும் ஃபோன்லயே இருக்கு மாமா. பேசாம பழைய சாமான் கடையில போட்டுடுங்க" என்றான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தட்டுல வர்ற சத்தமே வேறடா. டிஜிட்டல்ல சத்தத்தைத் துண்டு துண்டா நறுக்கிடறான். அமெரிக்காவுலயே 2022ல சி.டி.யைவிடத் தட்டுதான் அதிகமா வித்திருக்கு, தெரியுமா?"

"அதிகமா வித்தா உசத்தின்னா, டி.வி. சீரியல்தான் மாமா உலகத்துலயே உசத்தியான நாடகம்."

அப்புறம் பாடம் எடுக்க ஆரம்பித்தான். சி.டி.யில் ஒரு வினாடிக்கு 44,100 தடவை சத்தத்தை அளவெடுக்கிறார்களாம். அது வெறும் புள்ளிதான். ஆனால் திரும்ப ஒலிக்கும்போது அந்தப் புள்ளிகளிலிருந்து வழவழவென்று பழைய அலையே வந்துவிடுமாம், படிக்கட்டாக வராதாம். மனுஷக் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் வரை எதுவும் விட்டுப்போகாதாம்.

"அதுக்கு மேல வௌவாலுக்குத்தான் கேட்கும். உங்க வயசுக்கு 15,000 கேட்டாலே பெரிய விஷயம்."

"அப்போ தட்டு?"

"ஓரத்துல முள்ளுக்கு அடியில வினாடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடுது. நடுவுக்கு வந்தா 20 சென்டிமீட்டர்தான். அதே பாட்டை அவ்வளவு சின்ன இடத்துல அடைக்கணும். அதான் கடைசிப் பாட்டு கொஞ்சம் கரகரங்குது."

"எம்.பி.3ல மட்டும் நல்லாவா இருக்கு?"

"அது நியாயம்" என்று ஒப்புக்கொண்டான். "அந்தக் கால 128 கிலோபிட் ஃபைல்ல, சி.டி.யில இருக்கிறதுல பதினொண்ணுல ஒரு பங்குதான் மிச்சம். காதுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறதையெல்லாம் தூக்கிடுவான். ஜால்ரா சத்தம் சலசலன்னு தண்ணி மாதிரி கேட்கும். அதைக் கேட்டுட்டுத்தான் எல்லாரும் டிஜிட்டலே மட்டம்னு சொல்றாங்க."

விவகாரம் பந்தயத்தில் வந்து நின்றது. நான் தோற்றால் பெட்டி பழைய சாமான் கடைக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். அப்பா தினமும் போடும் எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம், கடைசி ஐந்து நிமிஷம். முதலில் வந்தது துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. "இது ஃபோன்" என்றேன். "கரெக்ட்!"

அடுத்தது. மெல்லிசாகக் கரகரப்பு, நடுவே அந்தப் பழைய கீறலின் 'டிக்'. எனக்குப் புல்லரித்தது. "இதுதான்டா தட்டு! என்ன உயிர் பாரு!"

துண்டை அவிழ்த்தார்கள். தட்டு அசையாமல் கிடந்தது. பாடியது மச்சினனின் லேப்டாப். முந்தின ராத்திரி தட்டை ஓடவிட்டு அதில் பதிவு செய்திருக்கிறான், படுபாவி!

"போங்காட்டம்!" என்று கத்தினேன்.

"தட்டோட கரகரப்பு, கீறல், நீங்க சொல்ற உயிர், எல்லாம் அப்படியே டிஜிட்டல்ல வந்துடுச்சே மாமா. அப்போ அது எதையும் தொலைக்கலை. உங்களுக்குப் பிடிச்சது, தட்டு தானாச் சேர்க்கிற மசாலா. அவ்வளவுதான்."

பதில் தோன்றவில்லை. உள்ளுக்குள் தகரப்பெட்டிக்கு விடை கொடுத்துவிட்டேன்.

அதற்குள் சுப்ரபாதம் முடிந்துவிட்டது. பதிவை உடனே நிறுத்த மறந்திருப்பான் போல. தட்டின் கடைசிப் பள்ளத்தில் முள் சுற்றும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. டக்... டக்... டக்...

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "முள் தேயுது பாரு, எடுடா!"

அது அம்மாவின் வசனமே இல்லை. முகத்தில் சோப்பு நுரையோடு, ஷேவிங் கண்ணாடி முன்னாலிருந்து அப்பா தினமும் போடும் சத்தம். அவர் போய் 11 வருஷமாகிறது. வீட்டில் அதற்கப்புறம் யாரும் அதைச் சொன்னதில்லை.

நான் சட்டென்று எழுந்து பிளேயரிடம் போய்க் கையை நீட்டிவிட்டேன். எடுப்பதற்கு அங்கே முள் ஓடவில்லை. இவ்வளவு விஞ்ஞானம் பேசிய மச்சினன் ஒரு வார்த்தை பேசாமல் லேப்டாப்பை மூடினான்.

பந்தயத்தில் தோற்றது தோற்றதுதான். ஆனால் லாரியில் முதலில் ஏறியது தகரப்பெட்டி. ஏற்றியவள் என் மனைவி.

இப்போது பெட்டி புது ஃபிளாட்டின் சமையலறை ஓரத்தில் இருக்கிறது. அதன் மேலே மிக்ஸி. காலையில் சுப்ரபாதம் உண்டு. சட்னி அரைக்கும்போது மட்டும், தட்டாவது டிஜிட்டலாவது, ஒன்றும் கேட்காது!