அசல் எது?

பழைய விசைப்படகு வைத்திருப்பவர்களிடையே ஓயாத சண்டை ஒன்று உண்டு. பழைய இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டலாமா, பழசையே செப்பனிட்டு வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதுதான் அது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு விவகாரம். எனக்கும் படகுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் வங்கிக் குமாஸ்தா. ஆனால் இந்தச் சண்டை மிகக் கடுமையாக நடந்த ஓர் இடத்தைப் பற்றிப் படித்தபோது, விமர்சனம் எழுதுகிறவன் தட்டிக்கழித்துவிடக் கூடிய விஷயமில்லை இது என்று பட்டது.

இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில் 1967 ஜனவரி 4ஆம் தேதி டொனால்ட் காம்ப்பெல் இறந்தார். தண்ணீரில் மணிக்கு 300 மைலைத் தாண்டப் பார்த்தபோது, 'புளூபேர்ட் கே7' என்ற அவருடைய படகு மூக்கு தூக்கி, காற்றில் புரண்டு, நொறுங்கி மூழ்கியது. அதே படகில் 1955இல் அல்ஸ்வாட்டர் ஏரியில் 202 மைல் வேகமும், 1964இன் கடைசி நாளில் ஆஸ்திரேலியாவில் 276 மைல் வேகமும் எட்டியவர் அவர். இடையில் உலக சாதனையை ஏழு முறை புதுப்பித்திருந்தார்.

ஏரியின் அடியில் 34 வருஷம் கிடந்த படகை 2001இல் பில் ஸ்மித் என்ற முக்குளிப்பவரும் அவருடைய குழுவினரும் வெளியே எடுத்தார்கள். காம்ப்பெல்லின் உடலும் அதே வருஷம் கிடைத்தது. படகை என்ன செய்வது என்ற கேள்வி அப்போது தொடங்கியது. பாரம்பரியச் சின்னங்களுக்கு லாட்டரிப் பணத்திலிருந்து உதவும் அந்த நாட்டு நிதியம், ஓடுகிற நிலைக்கு அதைத் திரும்பக் கட்டப் பணம் தர மறுத்தது. உடைந்தபடியே பாதுகாத்தால்தான் சரித்திரச் சான்று, திருப்பிக் கட்டினால் அது போய்விடும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். காம்ப்பெல்லின் மகள் ஜீனா வேறு விதமாக நினைத்தார். தகப்பன் இறந்த கோலத்திலேயே அந்தப் படகு நிரந்தரமாகக் கிடக்க வேண்டுமா? தன்னார்வலர்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். 2018 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பியூட் தீவிலுள்ள ஏரியொன்றில் அது மறுபடி ஓடியது.

இந்த வழக்கில் ரஸ்கினையும் சாட்சியாக அழைக்க வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு ரஸ்கின் பரீட்சைக்கான பெயர். நம் நாட்டில் அவரைத் தெரிந்தவர்களுக்கும் காந்தியைப் பாதித்த ஒரு புத்தகத்தோடு அவர் முடிந்துபோகிறார். அவர் கடைசி முப்பது வருஷத்தை இதே கானிஸ்டன் கரையில் கழித்து, அங்கேயே 1900இல் இறந்தார். பழைய கட்டிடங்களைப் புதுப்பிப்பது என்பதே பொய், அழிவின் மிக மோசமான வடிவம் என்று 1849இல் எழுதியவர் அவர். போன கைத்திறனைத் திரும்ப வரவழைக்க முடியாது; சாய்கிற சுவருக்கு அவலட்சணமாகவேனும் முட்டுக்கொடுங்கள், பழசு போல் வேஷம் போடாதீர்கள் என்பது அவர் கட்சி. அவர் பெயரால் அந்த ஊரில் நடக்கும் மியூசியத்துக்குத்தான் புளூபேர்டைக் காம்ப்பெல் குடும்பம் 2006இல் கொடுத்தது. விதி சில சமயம் மட்டமான நாடகாசிரியனைப் போல நடந்துகொள்கிறது.

ரஸ்கினை அப்படியே ஏற்றுக்கொள்ள முடிந்தால் சௌகரியம். எனக்கு முடியவில்லை. காரணம், அந்தப் படகுக்குள்ளேயே இருக்கிறது. 1955இல் அதில் இருந்தது பெரில் என்ற ஜெட் இயந்திரம். 1966இல் காம்ப்பெல் அதை நீக்கிவிட்டு, எடை குறைந்த, விசை கூடிய ஆர்ஃபியஸ் இயந்திரத்தைப் பூட்டினார். நாட் என்ற சிறிய போர் விமானத்தின் இயந்திரம் அது; நம் விமானப்படைக்காகப் பெங்களூரிலும் அதே இனம் தயாரானது. ஆக, ஏழு சாதனைகளும் பெரிலுடையவை, மரணம் ஆர்ஃபியஸுடையது. அசல் எது? 1955 படகா, 1967 படகா, ஏரியடியில் கிடந்த உலோகக் குவியலா? சொந்தக்காரன் உயிரோடிருக்கும் வரை அவன் செய்யும் மாற்றமெல்லாம் அசலின் பகுதி. அவன் போனபிறகு ஒரு திருகாணியை மாற்றினாலும் அது வேறொருவன் கைவேலை. தண்ணீரில் ஊறிப்போன இயந்திரம் ஓடாதென்று அதே இனத்தில் வேறொன்றைப் பூட்டினார்கள். திரும்பிப் பார்க்காதே என்ற நிபந்தனையோடு செத்தவளை மீட்கப் போன பாடகன் பெயர் கொண்ட இயந்திரம்!

இதை நான் யோசித்ததற்கு உள்ளூர்க் காரணமும் இருந்தது. இறந்துபோன ஒரு கவிஞரின் தொகுப்பை நண்பர் ஒருவர் மறுபதிப்புச் செய்யப்போகிறார். 'வருஷ'த்தை 'ஆண்டு' ஆக்கி, சந்தியைத் திருத்தி, நிறுத்தக்குறிகளை இன்றைய வாசகனுக்கு ஏற்றபடி போட்டால்தான் புத்தகம் ஓடும் என்கிறார். கவிஞரே இரண்டாம் பதிப்பில் வரிகளை மாற்றியவர்தானே என்பது அவருடைய சாமர்த்தியமான கேள்வி. ஓட வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. படிக்கப்படாத கவிதையும் தண்ணீரைத் தொடாத படகும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஜாதி. ஆனால் கவிஞர் மாற்றியது அவருடைய இயந்திரம். நண்பர் மாற்றப்போவது நண்பருடையது.

வங்கியில் லெட்ஜர் எழுதிய தலைமுறை ஒரு விதியை வைத்திருந்தது. தப்பான தொகையை ரப்பர் கொண்டு அழிக்கக்கூடாது. பழைய எண் தெரியும்படி குறுக்கே ஒரு கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் திருத்தியவனின் சுருக்கொப்பம். ஆடிட்டருக்காக ஏற்பட்ட ஏற்பாடுதான். இதைவிட நாணயமான பதிப்புக் கொள்கையை நான் எந்தப் பேராசிரியரிடமும் கேட்டதில்லை. ரஸ்கின் சொன்ன முட்டுக்கட்டையும் ஏறக்குறைய இதுதான்: தாங்குவது இன்றைய கட்டை என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

கோடு போடாமல் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் புளூபேர்டே சாட்சி. திரும்பக் கட்டிய பின், புதிதாகச் செய்த பாகங்களில் தங்களுக்குப் பங்குண்டு என்றார்கள் கட்டியவர்கள். படகு முழுவதும் தங்களுடையது என்றது மியூசியம். சட்ட நடவடிக்கை வரை போய், 2024 மார்ச்சில்தான் படகு கானிஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. இதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். பல வருஷம் கூலியில்லாமல் உழைத்தவன் தன் கையெழுத்தைத் தேடுகிறான். முதலிலேயே அவன் ஒப்பத்துக்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

நண்பருக்கு எழுதிவிட்டேன்: திருத்துங்கள், ஆனால் பழைய வரி பின்னால் அச்சாகட்டும், திருத்தியவர் பெயர் அதன் கீழே வரட்டும். பக்கம் கூடும், காகித விலை ஏறிவிட்டது என்று பதில் வந்திருக்கிறது.