ஏடு பெயர்த்தல்

ஓலைச்சுவடி காலத்தாற் செல்லரிக்கும். அதற்குமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைத்தல் நம் முன்னோர் மரபு. அம்மரபு தளர்ந்த காலத்திலே, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சிதைந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887 இற் கலித்தொகையை அச்சேற்றினார்கள்.

தெஹிவளையில் வதியும் பழைய மாணவர் சிலராகிய நாம், கல்லூரி மலர்களின் மின்படிகளை வாடகை முகில் வட்டொன்றிற் பேணி வருகின்றோம். அமேசன் நிறுவனம் 2020 இல் 'ஜீபீ3' என்னும் புதிய வட்டுவகையை அறிமுகஞ் செய்தது. முந்திய 'ஜீபீ2' வகையின் வேகம் வட்டின் பருமனைப் பொறுத்தது, புதியதிலோ சிறிய வட்டுக்கும் வினாடிக்கு 3,000 எழுத்துவாசிப்புக்கள் உண்டு, வாடகையுங் குறைவு. வகையை மாத்திரம் மாற்றுவதாயின் வேலை நிற்காமலே மாற்றலாம். ஆயின் வட்டின் பருமனைக் குறைத்தல் இயலாது. எம் வட்டு தேவையினும் பெரிதாதலின், சிறிய புதுவட்டொன்றை அமைத்து அதனுட் பெயர்த்தோம்.

முதலிற் காப்புப்படி எடுத்தோம். பெயர்த்தபின் ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பெண்ணையும் பழையதனோடு ஒப்புநோக்கினோம். அதுவரை இரு வட்டுக்கும் வாடகை செலுத்துவதேன் எனச் சிலர் வினாவினர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் உடனழிந்ததை நினைப்பூட்டினோம். அதன்பின் மறுத்துரைத்தாரிலர். ஒப்புநோக்கி முடிந்த பின்னரே பழைய வட்டு நீக்கப்பட்டது.

இப்புதிய வட்டும் ஒருநாட் பழையதாகும். மாணவர்காள், அன்று பெயர்க்கும் பணி உங்களுடையது. ஒப்புநோக்காது பழையதை அழியாதீர்கள்.