பூனையா தொப்பியா?

நைட் டூட்டியில் ரெண்டு மணிக்கு மேல் கேஸ் இல்லாவிட்டால் டாக்டர்கள் என்ன செய்வார்கள் என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள்.

டீ குடிப்போம். நான் டீ குடித்துக்கொண்டே புதிர் அவிழ்ப்பேன்.

எங்கள் எம்பிபிஎஸ் பேட்ச்சில் மூன்று பேருக்கு இந்தக் கிறுக்கு உண்டு. நான் இங்கே அரசு மருத்துவமனையில். ஒருத்தன் இங்கிலாந்தில். இன்னொருத்தி அமெரிக்காவில். ஒரு வாட்ஸ்அப் குரூப். இணையத்தில் வரும் புதிர்களை யாராவது ஒருவர் போடுவோம், மூவரும் மல்லுக்கட்டுவோம்.

போன மாதம் வந்த ஒரு புதிரைச் சொல்கிறேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

மூன்று கேள்விகள். மூன்றுக்கும் விடை ஒரு எண். அந்த எண்ணை ஆங்கில எழுத்தாக மாற்ற வேண்டும். 1 என்றால் முதல் எழுத்து ஏ, 3 என்றால் மூன்றாம் எழுத்து சி, இப்படியே. மூன்று எழுத்தும் சேர்ந்தால் ஒரு சொல் வரும்.

முதல் கேள்வி: ஒரு கெஜத்துக்கு எத்தனை அடி?
இரண்டாவது: ஒரு ஃபர்லாங் நீளம், ஒரு செயின் அகலம் உள்ள நிலம் எத்தனை ஏக்கர்?
மூன்றாவது: ஒரு பைன்ட்டுக்கு எத்தனை ஃப்ளூயிட் அவுன்ஸ்?

முதலாவது எளிது. கெஜம் என்றால் மூன்று அடி, நம்மூர் துணிக்கடைப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். ஆகவே சி.

இரண்டாவது கேள்விக்குத் தலை சுற்றியது. ஃபர்லாங்கு கல் பார்த்திருக்கிறேன், செயின் என்றால் கழுத்தில் போடுவது என்றுதான் தெரியும். தேடிப் பார்த்தால், செயின் என்பது அந்தக் காலத்தில் நிலம் அளந்த சங்கிலியாம். 66 அடி. ஃபர்லாங் 660 அடி. இரண்டையும் பெருக்கினால் 43,560 சதுர அடி. அட, அதுதானே நம்ம ஒரு ஏக்கர்! ஆகவே ஏ.

மூன்றாவதில்தான் சண்டை.

அமெரிக்காக்காரி உடனே 16 என்றாள். பதினாறாவது எழுத்து. சேர்த்துப் படித்தால் 'கேப்'. தொப்பி.

இங்கிலாந்துக்காரன் 20 என்றான். இருபதாவது எழுத்து. சேர்த்துப் படித்தால் 'கேட்'. பூனை.

இரண்டுமே சரி. அமெரிக்க பைன்ட் 16 அவுன்ஸ், சுமார் 473 மில்லி. பிரிட்டிஷ் பைன்ட் 20 அவுன்ஸ், 568 மில்லி. பெயர் ஒன்று, அளவு வேறு. ரெண்டு பேரும் அவரவர் ஊரில் தினமும் பார்க்கிற அளவைத்தான் சொன்னார்கள். புதிர் போட்டவர் அமெரிக்கர், அவருக்கு விடை தொப்பி. உலகத்தில் வேறொரு பைன்ட் இருக்கும் என்பது அவர் கனவிலும் வரவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. "உலகம் பூரா விளையாடுற புதிர்ல எந்த ஊர் அளவுன்னு ஒரு வார்த்தை போட வேண்டாமா? லிட்டர், மீட்டர்னு கேட்டிருந்தா எல்லாருக்கும் ஒண்ணுதானே? படிச்சவங்க பண்ற வேலையா இது?" என்று மூச்சு விடாமல் வாய்ஸ் நோட் போட்டேன்.

அந்த வாய்ஸ் நோட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதில் நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிரை அப்படியே மெட்ரிக்குக்கு மாற்றிவிட்டாலும் சரியாகிவிடாது. "மணிக்கு 30 மைல் வேகத்தில் போன கார்" என்பதை "மணிக்கு 48.28 கி.மீ." என்று மாற்றினால், அந்த 28-ல் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்து ஆட்டக்காரர் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வார். உருண்டையான எண் மாற்றும்போது கோணல் எண்ணாகிவிடும். அந்தக் கோணலுக்கு அர்த்தம் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்வோம்.

இதற்கு உங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 98.6.

வுண்டர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் ஏராளமான நோயாளிகளின் உடல் வெப்பத்தை அளந்து 1868-ல் ஒரு புத்தகம் போட்டார். அவர் சொன்னது 37 டிகிரி செல்சியஸ். உருண்டையான எண். மனுஷ உடம்பு கிட்டத்தட்ட இவ்வளவு சூடு, முன்னே பின்னே இருக்கும் என்கிற மாதிரி. அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 வந்தது. அந்தப் புள்ளி ஆறு என்னவோ தராசில் நிறுத்துப் போட்ட மாதிரி நம் மண்டையில் ஏறிவிட்டது.

"டாக்டர், 98.9 காட்டுது, பாயிண்ட் மூணு கூட இருக்கு" என்று ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது காய்ச்சலே இல்லைங்க. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று உடம்பே அரை டிகிரி, ஒரு டிகிரி ஏறி இறங்கும். 100.4 வந்தால் காய்ச்சல் என்போம். அது ஏன் 100.4 என்கிறீர்களா? 38 செல்சியஸை மாற்றியதுதான்!

நாம் ஒன்றும் யோக்கியம் இல்லை. 1957-ல் நயா பைசா வந்த காலத்தில் இருந்தே மெட்ரிக் நாடு நாம். ஆனால் எடை கிலோவில், உயரம் அடியில், நிலம் சென்ட்டில், தங்கம் பவுனில், குழாய் இஞ்சில், காய்ச்சல் ஃபாரன்ஹீட்டில். என் ஓபிக்கு வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒரு தம்பி "காய்ச்சல் 39 சார்" என்றபோது, பக்கத்தில் இருந்த அவர் அம்மா "98-க்கு 39-னா பிள்ளை ஜில்லுனு ஆயிட்டானே" என்று அழ ஆரம்பித்துவிட்டார். 39 என்றால் நம் கணக்கில் 102.2.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற ரகம். சிரிக்க முடியாதவையும் உண்டு.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் புத்தம் புது போயிங் 767. கனடா அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. எரிபொருள் காட்டும் மானி வேலை செய்யவில்லை, அதனால் கையால் கணக்குப் போட்டார்கள். ஒரு லிட்டர் எரிபொருள் சுமார் 0.8 கிலோ. ஆனால் அவர்கள் போட்டது 1.77. அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்கிற எண். பெருக்கல் சரி, கூட்டல் சரி, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சொல்தான் தப்பு. தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பி, நடுவானில் ரெண்டு எஞ்சினும் நின்றுபோயின. விமானி அதை கிளைடர் மாதிரியே ஓட்டிவந்து கிம்லி என்ற ஊரில் ஒரு பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

பூனை, தொப்பிச் சண்டை நடந்து பத்து நாள் இருக்கும். விடிகாலை நாலரை மணி. ஒரு பாட்டியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வயது 68. பல வருஷ சுகர், காலையும் ராத்திரியும் இன்சுலின் ஊசி. என் ஓபிக்கு வருகிறவர்தான், "தம்பி தம்பி" என்று பேசுவார். அன்றைக்குப் பேசவில்லை. மயக்கமும் இல்லை தெளிவும் இல்லை. நாலு தடவை வாந்தி. நாக்கு காய்ந்து கிடந்தது. மூச்சு வேகமாக இருந்தது.

எங்கள் மீட்டரில் சுகர் 512. சிறுநீரில் கீட்டோன்.

உடனே சலைன் ஏற்றி, ரத்தம் எடுத்து அனுப்பி, இன்சுலின் ஆரம்பித்துவிட்டு மருமகளிடம் கேட்டேன். "ஊசி ஒழுங்கா போட்டீங்களா?"

"நேத்து முந்தாநாள் போடல சார். சுகர் ரொம்பக் கம்மியா இருந்துச்சு. அதான் ஊசிய நிறுத்திட்டு சர்க்கரைத் தண்ணி குடுத்தோம்."

"512 இருக்கும்மா! யாரு உங்களை சர்க்கரை குடுக்கச் சொன்னது?" கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண் பயந்துபோய்ப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். நான் எழுதி வைக்கச் சொன்ன நோட்டுதான். தேதி போட்டு, நேரம் போட்டு, அழகான கையெழுத்து. 180, 212, 165 என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று,

14.2
17.6
24.8

பழைய மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அம்மாவுக்காக அங்கிருந்து ஒரு புது மீட்டர் வாங்கி அனுப்பியிருக்கிறார். நல்ல மீட்டர், விலை ஜாஸ்தி. அளந்ததும் சரியாகத்தான் அளந்திருக்கிறது.

ஆனால் சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து மாதிரி நாடுகளில் ரத்த சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். நாமும் அமெரிக்காவும் மில்லிகிராம் கணக்கு. அவர்கள் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் எண் வரும்.

14.2 என்றால் 256.
17.6 என்றால் 317.
24.8 என்றால் 446.

சர்க்கரைத் தண்ணீர் குடுக்கக் குடுக்க ஏறியிருக்கிறது. "ஏறிக்கிட்டேதான் சார் இருந்துச்சு, ஆனா 70-ஐத் தொடவே இல்ல. அதான் திரும்பத் திரும்பக் குடுத்தோம்" என்றார்.

அப்புறம் சன்னமான குரலில் சொன்னார். "நீங்கதான் சார் சொன்னீங்க. 70-க்குக் கீழ போனா ஊசி போடாதீங்க, உடனே மூணு ஸ்பூன் சர்க்கரை குடுங்கன்னு."

ஆமாம். நான்தான் சொன்னேன். ஓபி சீட்டின் பின்பக்கம் என் கையாலேயே எழுதியும் கொடுத்திருந்தேன். அந்தச் சீட்டையும் நோட்டுக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். "70-க்குக் கீழ் - சர்க்கரை 3 ஸ்பூன். ஊசி வேண்டாம்."

70 என்ன? என்ன அளவு? நான் எழுதவில்லை. உலகத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது, அது இந்த வீட்டுக்குள் வரும் என்பது என் கனவிலும் வரவில்லை.

அந்தப் பெண் எழுத்துப் பிசகாமல் என் பேச்சைக் கேட்டிருக்கிறார். அதற்கு நான் எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், அத்தை பொழைச்சா போதும்" என்றார்.

பிழைத்துவிட்டார். பொட்டாசியம் ஒரு ராத்திரி பயமுறுத்தியது, கூடவே சிறுநீர்த் தொற்று வேறு. நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பிய சுகர் மீட்டர் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'எம்ஜி/டிஎல்' என்று இருந்தால் நம் கணக்கு. 'எம்மோல்/எல்' என்று இருந்தால் அந்தக் கணக்கு. பொடி எழுத்து தெரியாவிட்டால், எண்ணில் புள்ளி இருக்கிறதா பாருங்கள். 7.0, 14.2 என்று புள்ளியோடு வந்தால் அது மில்லிமோல். அந்த மீட்டரில் 3.9-க்குக் கீழே போனால்தான் தாழ்சர்க்கரை. மீட்டர் மேலேயே "18-ஆல் பெருக்கவும்" என்று ஒரு பேப்பர் ஒட்டிவிடுங்கள்.

சொல்ல வந்த கையோடு இன்சுலினையும் சொல்லிவிடுகிறேன், இது இன்னும் ஆபத்தான சமாச்சாரம். அரசு மருத்துவமனையில் தரும் பாட்டில் இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். நூறுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனா ரிப்பேர் என்று அதன் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சி 10 கோடு போட்டால், உள்ளே போவது 10 யூனிட் அல்ல, 25. ஆளைச் சாய்த்துவிடும். மாற்றிச் செய்தால், அதாவது 40 பாட்டிலில் ஆரஞ்சு சிரிஞ்சைப் போட்டால், 10-க்குப் பதில் 4 யூனிட்தான் போகும், சுகர் இறங்கவே இறங்காது. சிரிஞ்ச் மாறினாலோ பாட்டில் மாறினாலோ, ஊசி போடும் முன் நர்ஸிடமோ மருந்தாளுநரிடமோ இரண்டையும் காட்டிக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் கோபிக்கட்டும், கேளுங்கள்.

நான் இப்போதெல்லாம் சீட்டில் 70 என்று மட்டும் எழுதுவதில்லை. பக்கத்தில் அளவையும் எழுதுகிறேன். மீட்டரைக் கொண்டுவரச் சொல்லி, ஒருமுறை என் முன்னால் பார்க்கச் சொல்கிறேன். ஓபி கூட்டத்தில் ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலாக ஆகிறது. ஆகட்டும்.

குரூப்பில் இந்தக் கதையைப் போட்டேன். இங்கிலாந்துக்காரன் பதிலே எழுதவில்லை. பத்து நாளைக்கு முன்னால் நான் போட்ட வாய்ஸ் நோட்டை எடுத்து எனக்கே ஃபார்வர்டு பண்ணினான்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு மகன் வீடியோ காலில் வந்தார். அந்த மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், மீட்டர் மேல் தப்பில்லை என்று சொல்லி, பெருக்கல் கணக்கை விளக்கினேன். மருமகள் நோட்டின் பின்பக்கம் 4-லிருந்து 30 வரை வாய்ப்பாடு மாதிரி எழுதிக்கொண்டார்.

பாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏந்தம்பி, அப்ப அந்த ஊர்ல இருந்தா எனக்கு சுகர் வெறும் பதினாலுதானா? நான் அங்கயே போயி இருந்துக்கட்டுமா?"