கொஞ்சம் ஆங்கிலம், நிறைய கூச்சல்

ஜப்பானின் மாட்சுயே நகரப் பள்ளிகளில் வெளிநாட்டு ஆசிரியர்கள் முதலில் படிக்கும் பாடம், பொறுமை

மணி அடித்து ஐந்து நிமிடமாகிவிட்டது. மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் நாற்காலியில் இல்லை. ஒருவன் மேஜைக்கு அடியில். இன்னொருவன் எழுத்து அட்டையை விசிறியாக்கிவிட்டான். அயல்நாட்டிலிருந்து வந்த இளம் ஆசிரியை பொறுமையிழந்து "சைலன்ஸ்!" என்கிறார். அதுதான் இன்றைய பாடம் என்று நினைத்து மொத்த வகுப்பும் "சைரென்ஸு!" என்று திருப்பிக் கத்துகிறது.

ஜப்பானின் ஆரம்பப் பள்ளிகளில் இது அபூர்வக் காட்சி அல்ல. மாட்சுயேவும் இதற்கு விலக்கல்ல. ஷிமானே மாகாணத்தின் தலைநகரான இந்த அமைதியான ஊர் ஷின்ஜி ஏரிக்கரையில் இருக்கிறது. விடியற்காலையில் படகுகளிலிருந்து நீண்ட கழிகளால் ஏரியின் அடியைத் துழாவி ஷிஜிமி சிப்பி அள்ளுகிறார்கள். 1611இல் கட்டி முடித்த மரக்கோட்டை இன்னும் நிற்கிறது. சத்தமெல்லாம் பள்ளிக்கூடத்தில்தான்.

இங்கே ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டவர் வருவதும் புதிதல்ல. கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்த லாஃப்காடியோ ஹெர்ன் 1890இல் இந்த ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். உள்ளூர்ப் பெண் செத்சுவை மணந்தார். பின்னர் கொய்சுமி யாகுமோ என்ற பெயருடன் ஜப்பானியக் குடிமகனானார். அகழியோரத்தில் அவர் குடியிருந்த வீட்டைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. ஆனால் அவருக்கு வாய்த்தவர்கள் வளர்ந்த மாணவர்கள். எட்டு வயதுக்காரர்களிடம் அவர் மாட்டவில்லை.

இன்று வருபவர்களில் பலர் 1987இல் ஜப்பான் அரசு தொடங்கிய 'ஜெட்' திட்டத்தின்கீழ் வருகிறார்கள். முதலாண்டில் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். பட்டப்படிப்பு போதும், ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. ஓராண்டு ஒப்பந்தத்தை அதிகபட்சம் ஐந்தாண்டுவரை நீட்டிக்கலாம். 2020 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குகிறது. ஐந்து, ஆறாம் வகுப்புகளில் அது முழுப் பாடம், ஆண்டுக்கு 70 வகுப்புகள். ஆக, பயிற்சியில்லாதவர்கள் குறும்பின் உச்சத்தில் இருக்கும் வயதினர் முன்னால் நிற்கிறார்கள்.

குறும்பு என்றால் சாதாரணக் குறும்பு அல்ல. இரு கை விரல்களையும் துப்பாக்கிபோல் கோர்த்து, பின்புறத்தில் குத்திவிட்டு ஓடும் 'கான்ச்சோ' விளையாட்டைக் கண்டு திடுக்கிடாத புதியவர் குறைவு. அதட்ட மொழி தெரியாது. அடிக்கவோ சட்டம் அனுமதிக்காது. 1947லேயே தடை. வகுப்பாசிரியர் சும்மா நிற்பதைப் பார்த்துப் புதியவருக்கு எரிச்சல் வரும். 'நம்மைக் கைவிட்டுவிட்டாரே!'

உண்மையில் அவர் காத்திருக்கிறார். அன்றைய 'முறை' மாணவி எழுந்து எல்லோரையும் நிற்கச் சொல்லி, வணங்கச் சொல்வாள். அடக்குவது பெரியவர் வேலையல்ல, சக பிள்ளைகளின் வேலை என்பதே அங்குள்ள வழக்கம். தகராறா? கல்-கத்திரி-காகிதம் போட்டால் தீர்ந்தது.

மதியம் இது இன்னும் தெளிவாகிறது. வெள்ளை அங்கியும் தொப்பியும் அணிந்து பிள்ளைகளே சக மாணவர்களுக்குச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். பிறகு அவர்களே பள்ளியைத் துடைக்கிறார்கள். காலையில் மேஜைக்கு அடியில் கிடந்தவன் ஈரத்துணியை இரு கையால் அழுத்தியபடி தாழ்வாரம் முழுக்க ஓடித் துடைக்கிறான். அவன் அடங்காப்பிடாரி இல்லை. கூட்டத்துக்குள் இன்னும் சேராத ஓர் அந்நியரைச் சோதித்துப் பார்த்தான், அவ்வளவுதான்.

இது புரியாமல் ஓராண்டில் மூட்டை கட்டுபவர்கள் உண்டு. நிலைப்பவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தாங்களும் துடைப்பம் எடுக்கிறார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கற்கிறார்கள். சத்தம் குறைவதில்லை. ஆனால் அதில் தங்கள் பெயரும் கேட்கத் தொடங்குகிறது.

சனிக்கிழமை மாலை, கடைத்தெரு. சிப்பிப் பொட்டலத்தோடு நிற்கும் ஆசிரியையைப் பார்த்து, அம்மாவின் கையை உதறிவிட்டு ஒரு பையன் ஓடிவருகிறான். "ஹரோ!" அம்மா வெட்கத்தோடு குனிந்து வணங்குகிறார். ஆசிரியை உச்சரிப்பைத் திருத்தவில்லை. "ஹலோ" என்று பதில் மட்டும் சொல்கிறார்.